ஜெயித்த மறுநாள் என்ன நடந்தது?

மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். திருச்செங்கோட்டில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து, பந்தி ஆரம்பித்திருந்தது. மண்டப வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் மாப்பிள்ளை, பெண்ணைவிடப் பெரிதாக ஒரு ராஜா. கையில் உருவிய வாள், காலடியில் புலி, பின்னால் யானைப் படை. முகம் மட்டும் எங்கேயோ பார்த்த சினிமா நடிகரின் ஜாடை. கீழே கொட்டை எழுத்தில், ‘ஆண்ட பரம்பரை இல்லத் திருமணம்’.

வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பையனிடம், “யாருப்பா இந்த ராஜா?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க சார். ஃப்ளெக்ஸ் கடைல மூணு டிசைன் காட்டுனாங்க. இது நல்லா இருந்துச்சு.”

அந்தப் பதிலின் நேர்மை எனக்குப் பிடித்துவிட்டது. பையன் காலேஜில் இரண்டாம் வருஷம். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் சந்தனக் கிண்ணத்தை இன்னொருவன் கையில் திணித்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். சரித்திர நாவல் எழுதுகிறானாம். மூன்று அத்தியாயம் முடிந்திருந்தது.

முதல் அத்தியாயத்தில் நிலா. நிலாவில் ஒரு வெள்ளைக் குதிரை. குதிரை மேல் ஒரு வாலிபன். அவன் இடுப்பில் ஓர் ஓலை. தூரத்தில் பாழடைந்த மண்டபம். அங்கே இரண்டு பேர் ரகசியம் பேசுகிறார்கள். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே ஐம்பது தடவை படித்திருப்பீர்கள்.

“எங்கே கொண்டுபோய் முடிக்கப்போறே?”

“மாமல்லர் வாதாபியை ஜெயிச்சுட்டு திரும்பறப்போ நம்மூர்ல வந்து தங்கறார் சார். ஒரு பெரிய ஏரி வெட்டறார். அதுதான் மல்லசமுத்திரம்.”

“ஆதாரம்?”

“சிவகாமியின் சபதம் படிச்சிருக்கேன் சார்.”

கல்கி மேல் ஆணையாக, அந்த நாவலில் மல்லசமுத்திரம் கிடையாது. பையன் அசரவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவனுடைய அப்புச்சி, பருத்தி வெள்ளாமைக்காரர், இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏரி வெட்டுனாருன்னு எழுதறயே, ராசாவா மம்முட்டி புடிச்சு வெட்டுனாரு?”

(நடிகர் இல்லை. கொங்கு நாட்டில் மண்வெட்டிக்கு அதுதான் பெயர்.)

பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். ராத்திரி திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் கிழவர் கேட்ட கேள்வியைத் தமிழில் சரித்திரக் கதை எழுதியவர்களும் படித்தவர்களும், அதாவது நானும் நீங்களும், ஒரு தடவைகூட உரக்கக் கேட்டதில்லை.

ஆகவே இந்த வாரம் கொஞ்சம் சண்டை.

*

என் புகார் இதுதான். நம் சரித்திரக் கதைகள் ஜெயிக்கிற அன்றைக்கு முடிந்துவிடுகின்றன. கோட்டை விழுகிறது, கொடி ஏறுகிறது, முரசு கொட்டுகிறது, ஹீரோ ஹீரோயினைக் கைப்பிடிக்கிறான், முற்றும். மறுநாள் காலையில் விழுந்த கோட்டைக்குள் விடிந்ததே, அங்கே அடுப்புப் பற்றவைக்கப்போன பெண்ணுக்கு என்ன ஆயிற்று? அதற்கு ஓர் அத்தியாயம் கிடையாது. அந்த வருஷ விளைச்சலை யார் கொண்டுபோனார்கள்? அதற்கும் கிடையாது.

‘இல்லையே, பார்த்திபன் கனவு இருக்கிறதே’ என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். 1941லிருந்து 1943 வரை கல்கி பத்திரிகையில் வந்த அந்தத் தொடர், தோற்ற பிறகு ஆரம்பிக்கிற கதைதான். பல்லவனிடம் சோழ நாடு தோற்கிறது. பார்த்திபன் போர்க்களத்தில் சாகிறான். அவன் மகன் அந்நியர் ஆட்சியில் வளர்கிறான். தமிழில் இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு சரித்திரக் கதைக்குக் கிடைப்பது கஷ்டம். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் ‘சுதந்திர சோழ நாடு’ என்று படித்தவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். கல்கிக்கு அதற்காக ஒரு கும்பிடு.

ஆனால் முடிவு? (பழைய தொடர்தானே, சஸ்பென்ஸ் கெட்டுவிட்டது என்று யாரும் கடிதம் போடாதீர்கள்.) தோற்ற ராஜாவின் மகனைக் காப்பாற்றுகிற சிவனடியார் யார்? ஜெயித்த சக்கரவர்த்தி நரசிம்மவர்மரேதான், மாறுவேஷத்தில். கடைசியில் தன் மகளையும் கட்டிக்கொடுத்து நாட்டையும் கொடுத்துவிடுகிறார். ஜெயித்தவன் நல்லவன், தோற்றவனுக்கு மாமனார் கிடைத்தார், கணக்குத் தீர்ந்தது. படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் நாவல் முழுக்க வருகிறார்கள். அன்பானவர்கள், மறக்க முடியாதவர்கள். ஆனால் அவர்கள் கவலையெல்லாம் இளவரசனைப் பற்றித்தான். படகுக்கு யார் வரி கேட்டார்கள், பல்லவ அதிகாரி காவிரிக்கரையில் என்ன செய்தான் என்று அவர்கள் ஒரு நாள் ராத்திரி தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கக் கூடாதா?

சரி, அடுத்து ‘பொன்னியின் செல்வன்’. 1950லிருந்து 1954 வரை தொடராக வந்தது. இலங்கைக்குப் போன அருள்மொழிவர்மர் அங்கே இடிந்த விகாரங்களைச் செப்பனிடுகிறார். தன் படைக்கான சாப்பாட்டைச் சோழ நாட்டிலிருந்தே அனுப்ப வேண்டும், அந்த நாட்டு ஜனங்கள் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது என்கிறார். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. கடைசியில் கிரீடத்தையே சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடுகிறார். கதை அங்கே முடிகிறது.

அதே அருள்மொழி 985ல் ராஜராஜனாகப் பட்டத்துக்கு வருகிறார். கொஞ்ச வருஷத்தில் அவர் படை அனுராதபுரத்தை அழிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அதற்குப் பிறகு தலைநகராக எழுந்திருக்கவே இல்லை. அதே ராஜராஜன் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைத் தானம் கொடுத்ததும் உண்மை. இரண்டும் ஒரே மனிதர். இந்த ஒரே மனிதரை எழுதுவதுதான் ஒரு நாவலாசிரியனின் வேலை. நம்மிடம் பாதி மனிதர்தான் இருக்கிறார். அந்தப் பாதியைத்தான் 2022லும் 2023லும் இரண்டு பாகமாகத் தியேட்டரில் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தோம்.

*

மறுநாள் என்ன நடந்தது என்பதற்கு ஆதாரமா இல்லை? கொட்டிக் கிடக்கிறது.

1017ல் ராஜேந்திர சோழனின் படை இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து இங்கே கொண்டுவந்தது. அவன் 12 வருஷம் சோழ நாட்டில் கைதியாக இருந்தே செத்துப்போனான். 12 வருஷம்! பாஷை தெரியாத ஊரில், கிரீடம் பறிகொடுத்த ஒரு வயசான ராஜா. அவனுக்குச் சோறு கொண்டுபோனது யார்? காவல் நின்ற வீரனுக்கும் அவனுக்கும் ஏதாவது பேச்சு நடந்திருக்குமா? ஊரில் அவன் மகனை ஜனங்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய செய்தி அவன் காதுக்கு வந்ததா? இதைவிட ஒரு கதைக்கு என்ன வேண்டும்? நாமோ மகிந்தனிடமிருந்து பிடுங்கிய கிரீடத்தின் பெருமையைப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டோம். கிரீடத்துக்குக் கீழே ஒரு தலை இருந்தது ஞாபகம் வரவில்லை.

கர்நாடகத்தில் ஹொட்டூரில் 1007ஆம் வருஷத்துச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒன்பது லட்சம் பேரோடு வந்த சோழப் படை நாட்டையே சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது, பெண்களைத் தூக்கிக்கொண்டு போனது என்று அது சொல்கிறது. எதிரி எழுதியது, மிகைப்படுத்தியிருப்பான். ஒன்பது லட்சமெல்லாம் நம்பும்படி இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மெய்க்கீர்த்திகள் மட்டும் நோட்டரி பப்ளிக் கையெழுத்துப் போட்டவையா? நம் கல்வெட்டு என்றால் வரலாறு, அவன் கல்வெட்டு என்றால் வயிற்றெரிச்சலா?

‘வேளம்’ என்று ஒரு வார்த்தை சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்பு. போரில் பிடித்துவந்த பெண்களும் அங்கே வைக்கப்பட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாவல்களின் அந்தப்புரத்தில் தோழிகள் பூத்தொடுக்கிறார்கள், கேலி பேசுகிறார்கள், பந்தாடுகிறார்கள். அந்தத் தோழிகளில் ஒருத்தியாவது ராத்திரியில் கன்னடத்திலோ சிங்களத்திலோ அம்மாவைக் கூப்பிட்டு அழுததாக எங்கேயாவது படித்திருக்கிறீர்களா?

சோழர்களை மட்டும் அடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாண்டியர்களிடம் வருவோம். மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரையைச் சிறுமைப்படுத்தியதற்குப் பழிவாங்க, 1216ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டுக்குள் புகுந்தான். தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தினான். மாளிகைகளை இடித்து, அந்த இடத்தில் கழுதையைப் பூட்டி உழுது கவடி விதைத்தான். அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிற விஷயம் இது. அப்புறம் என்ன செய்தான்? தோற்ற சோழனைக் கூப்பிட்டு, கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தான். அதற்காக ‘சோணாடு வழங்கியருளிய’ என்று அவனுக்கு ஒரு பட்டமே உண்டு.

கவனியுங்கள். ராஜாவுக்குக் கிரீடம் திரும்பி வந்துவிட்டது. உறையூரில் வீடு எரிந்தவனுக்கு என்ன திரும்பி வந்தது?

இதில் இன்னொரு வேடிக்கை. அத்தனையும் இடித்தபோது ஒரே ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் அவன் விட்டுவைத்தான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு ஒன்று சொல்கிறது. பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகாலன் கொடுத்த மண்டபமாம் அது. ஊர் எரிந்தாலும் எழுத்தாளன் கூரை தப்பித்தது. அந்த நன்றிக்கடனைத்தான் எழுத்தாளர்கள் நாங்கள் இன்றைக்கும் ராஜாக்களுக்கே அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

*

இப்போது மறுபடி மல்லசமுத்திரத்துக்கு வாருங்கள்.

கொங்கு நாட்டைப் பற்றி யோசித்துப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டுக்குள் சோழர் கைக்குப் போயிற்று. அப்புறம் கொங்குச் சோழர், ஹொய்சாளர், பாண்டியர், விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என்று மாறி மாறி வந்தார்கள். கடைசியில் 1792ல் திப்பு சுல்தானோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி சேலம் சீமை கம்பெனிக்குப் போயிற்று. அதாவது எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷமாக இந்த மண்ணில் நடந்ததெல்லாம் ‘மறுநாள்’தான். யாரோ எங்கேயோ ஜெயித்தார்கள்; இங்கே வரி வாங்குகிற ஆள் மாறினான்.

அந்த அடையாளம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மல்லசமுத்திரத்தில் சிவன் கோயில் சாமியின் பெயர் சோழீஸ்வரர். காவிரி டெல்டா ராஜாவின் பெயரில் கொங்கு நாட்டில் சாமி. ஊர்ப் பெயரில் இருக்கிற ‘சமுத்திரம்’ கடல் இல்லை, ஏரி. இப்படிச் சமுத்திரம் என்று முடிகிற ஊர்களில் முன்னால் நிற்பது பெரும்பாலும் ஒரு பெரிய மனிதரின் பெயராகவோ பட்டமாகவோ இருக்கும். கரைக்கு மண் சுமந்தவர்கள் பெயர் ஊருக்கு வராது. அப்புச்சி கேட்டது அதைத்தான்.

இந்தப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. திருச்செங்கோட்டில் கிடைத்த சோழர் காலச் செப்பேடுகளில் கொல்லிமழவன் ஒற்றியூரன் பிருதிகண்டவர்மன் என்று ஒரு சிற்றரசன் வருகிறான். கொல்லிமலைப் பக்கத்துக்காரன். அவனுடைய அப்பா ஈழத்துப் போரில் செத்தவர். பொன்மாளிகைத் துஞ்சின தேவர், அதாவது சுந்தர சோழர், காலத்தில்.

சோழர்கள் கொங்கு நாட்டைப் பிடித்தார்கள். இரண்டு மூன்று தலைமுறை கழித்து, பிடிபட்ட நாட்டுக்காரன் பிடித்தவனுக்காகக் கப்பலேறிப் போய், தனக்கு எந்தப் பகையும் இல்லாத ஒரு தீவில் செத்தான். மகன் அப்பாவின் புண்ணியத்துக்காகத் தானம் எழுதிவைத்தான். ஒரு நாவலுக்கான மொத்தக் கதையும் ஒரு தகட்டில் இருக்கிறது.

இந்த மனிதரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. ஆனால் அதே சுந்தர சோழர் காலத்தில், அதே ஈழத்தில் செத்த இன்னொருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கொடும்பாளூர் பராந்தகன் சிறிய வேளார். ஏன் தெரியும்? அவர் வானதியின் அப்பா. வானதி இளவரசனைக் காதலித்தாள். கொல்லிமழவனின் அப்பாவுக்குப் பாவம், மூர்ச்சை போட்டு விழுகிற அழகான மகள் ஒருத்தி எந்த நாவலிலும் இல்லை.

அவராவது சிற்றரசர், ஒரு செப்புத் தகடு மிஞ்சியது. அவரோடு கூடப் போன கொல்லிமலை, ராசிபுரம் பக்கத்து ஆட்களுக்கு அதுவும் இல்லை. கடலையே பார்த்திராத சமவெளிக்காரர்கள். அவர்கள் கப்பலில் ஏறிய முதல் ராத்திரி எப்படி இருந்திருக்கும்? நிலாவில் போகிற வெள்ளைக் குதிரையைவிட அது எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது.

*

உடனே இரண்டு பதில்கள் வரும். எனக்கு மனப்பாடம்.

ஒன்று: ‘சாதாரண ஜனங்களைப் பற்றி எழுத ஆதாரமே கிடையாதே சார்.’

அப்படியா? நந்தினி எந்தச் செப்பேட்டில் வருகிறாள்? குந்தவை நிலாமுற்றத்தில் வந்தியத்தேவனிடம் பேசியதை எந்தக் கல்வெட்டில் வெட்டினார்கள்? ராஜகுமாரிக்கு என்றால் கற்பனை பொங்குகிறது. குயவனுக்கு என்றால் மட்டும் ஆதாரம் கேட்கிறீர்கள். 

ஆதாரமும் இல்லாமலில்லை. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் செத்த ஒரு வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நாயின் பெயரை ஞாபகம் வைக்கத் தோன்றியிருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் நம் நாவலாசிரியர்களுக்குக் குதிரை ஓட்டுகிறவனைத் தவிர யாருடைய பெயரும் தோன்ற மாட்டேன் என்கிறது.

இன்னும் ஒன்று. விஜயநகரம் தமிழ்நாட்டைப் பிடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1429ல், விருத்தாசலம், கொறுக்கை போன்ற ஊர்களில் வலங்கையும் இடங்கையும் ஒன்று சேர்ந்தன. அதுவரை ஜென்மப் பகையாக அடித்துக்கொண்ட இரண்டு பிரிவுகள். அதிகாரிகளும் நிலத்துக்காரர்களும் கேட்கிற அநியாய வரியைக் கொடுக்க மாட்டோம், அவர்களுக்குத் துணை போகிறவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டுவிட்டுக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். எவ்வளவு பெரிய கிளைமாக்ஸ்! எத்தனை வாரம் ‘தொடரும்’ போடலாம்! அதில் இளவரசி இல்லை. அதனால் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது பதில்: ‘கதை கதைதானே சார். பொழுதுபோக்குக்குப் படிக்கிறோம். இதில் போய் என்ன?’

கதை கதையாகவே இருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? மண்டப வாசலில் நின்ற பேனரைப் பார்த்தீர்களே. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஏதாவது ஒரு சாதி தன்னை ‘ஆண்ட பரம்பரை’ என்று எழுதிவைத்திருக்கிறது. ஒரே ராஜாவுக்கு நாலு சாதிக்காரர்கள் மாலை போட வருகிறார்கள். எல்லாரும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டது யார்? ஏர் ஓட்டியது, தறி நெய்தது, செத்த மாட்டைத் தூக்கிப்போட்டது எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்களா?

2019ல் கும்பகோணத்துக்கு அருகே திருப்பனந்தாளில் ஒரு கூட்டம். ராஜராஜன் காலத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் நிலம் பறிபோனது என்று சினிமா இயக்குநர் பா. ரஞ்சித் பேசினார். அவர் சொன்னது சரியா, தப்பா என்று கல்வெட்டை வைத்து வாதாடியிருக்கலாம். வாதாடியவர்களும் இருந்தார்கள். ஆனால் போலீஸ் வழக்கும் பதிவாயிற்று. முன்ஜாமீனுக்கு அவர் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. செத்து ஆயிரம் வருஷமான ராஜாவுக்காக! நமக்கு ராஜராஜன் வரலாற்று மனிதர் இல்லை. நாவல் ஹீரோ. ஹீரோவைத் திட்டினால் ரசிகர் மன்றத்துக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மனசு கனத்தாலும். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குத் தோழியைப் பார்க்க வந்த தலித் இளைஞர் ஒருவர், என்ஜினீயரிங் படித்தவர், கடத்தப்பட்டு, பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. முதல் குற்றவாளி ஒரு சாதி அமைப்பின் தலைவர். அந்த அமைப்புக்கு வைத்திருந்த பெயர் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சங்ககிரியில் தூக்கில் தொங்கிய ஒரு மாவீரனின் பெயர்.

சரித்திர நாவல்தான் அந்தப் பையனைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அயோக்கியத்தனம். கொலைக்குக் காரணம் சாதி. ஆனால் ‘நம் தாத்தா வாள் பிடித்தவர், அதனால் நாம் உசத்தி’ என்கிற போதையைக் கோயில் திருவிழா ஐஸ் மாதிரி வாராவாரம் கலர் கலராக விற்றவர்கள் யார்? விற்றது பத்திரிகைகள். எழுதியது எங்கள் ஜாதி, எழுத்தாளர் ஜாதி. வாங்கிச் சப்பியது நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும்தான். ஒவ்வொரு நாவலை மூடும்போதும் நான் என்னை இளவரசனாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு தடவைகூடத் தேருக்குப் பின்னால் ஓடிய ஆளாக நினைத்ததில்லை. கணக்குப் போட்டால் என் முப்பாட்டன் தேருக்குப் பின்னால் ஓடியவனாக இருக்கத்தான் சான்ஸ் அதிகம்.

*

தமிழில் இதை யாருமே எழுதவில்லை என்று சொன்னால் நன்றி கெட்டவனாவேன். 1323ல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகு, அரங்கனின் உற்சவ விக்ரகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையை ஸ்ரீவேணுகோபாலன் ‘திருவரங்கன் உலா’வாக எழுதினார். அந்த விக்ரகம் 1371ல்தான் திரும்பி வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. நடுவில் ஒரு தலைமுறையே மாறிப்போனது. அங்கே ஹீரோ ராஜா இல்லை; சுமந்தவர்கள். 2008ல் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ வந்தது. மதுரையைப் பிடித்தவர்களையும் பிடிபட்டவர்களையும் காவல் காத்தவர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த நாவல். 2011ல் சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது. ஆக, எழுத முடியும். எழுதினால் படிக்கவும் ஆள் இருக்கிறது.

கல்கியையோ சாண்டில்யனையோ தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். கல்கி அவர் காலத்துக்கு வேண்டியதை எழுதினார். அடிமை நாட்டுக்காரனுக்கு ‘உனக்கும் ஒரு பெருமை இருந்தது’ என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதே மருந்தை அதே டோஸில் இன்னும் குடித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் மருந்து இல்லை.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பிரசங்கம் பண்ணினால் பாயசம் கிடைக்காது. கொல்லிமழவனின் அப்பா கதையை மட்டும் சொன்னேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். அப்புச்சியும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப நம்மூர்க்காரங்களும் அந்தச் சண்டைக்குப் போயிருப்பாங்களா சார்?” என்றான் பையன்.

“பக்கத்து ஊர்க்காரங்க போயிருக்காங்க.”

“திரும்பி வந்தாங்களா?”

“அதைத்தான் நீ எழுதணும்.”

அப்புச்சி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “வராதவன் வீட்டுலயும் அந்த வருசம் வரி கேட்டிருப்பாங்கல்லங்க?” என்றார் என்னைப் பார்த்து. கேட்டுவிட்டு, பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்.

தம்பி, இந்தப் பக்கம் உன் கண்ணில் பட்டால் ஒரு வேண்டுகோள். அந்த வெள்ளைக் குதிரையை இறக்கிவிட்டுவிடு, பாவம், எண்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உன் முதல் அத்தியாயத்தை உங்கள் அப்புச்சி கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பி. புத்தகம் வந்தால் முதல் பிரதியை நான் ஓசியில் கேட்க மாட்டேன், காசு கொடுத்து வாங்குவேன்.

இரண்டாவது பிரதியை வாங்கப்போவது யார்? உங்களைத்தான் கேட்கிறேன்.